வீட்டை அளக்க ஆள் வருகிறார்: சொத்து மறுமதிப்பீடு பற்றிக் கேள்வி பதில்

நகராட்சி வரிப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வீடுகளை அளந்து மதிப்புப் போட்டு ஓய்வு பெற்றவள் நான். நாய் துரத்தியிருக்கிறது. மதிப்பைக் குறைத்ததற்காக ஒரே ஒருவர் நன்றி சொல்லியிருக்கிறார். மறுமதிப்பீட்டு அறிவிப்பு வந்து கலங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். வேலை நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

புது வீட்டுக்காரர்: அம்மா, என் வீட்டின் மதிப்பு ஒரேயடியாக இரண்டு மடங்காகிவிட்டது. வரியும் இரண்டு மடங்கு ஆகுமா?

அறிவிப்பைப் பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது இதுதான். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஊரில் வரி விகிதம் எப்படி முடிவாகிறது? பல இடங்களில் நகராட்சி முதலில் தனக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று வரவு செலவுத் திட்டம் போடும். அந்தத் தொகையை ஊரின் மொத்தச் சொத்து மதிப்பால் வகுத்தால் வருவதுதான் விகிதம். ஊரில் பத்து வீடுகள், ஒவ்வொன்றின் மதிப்பும் 100 என்று வையுங்கள். மொத்தம் 1,000. நகராட்சிக்குத் தேவை 20. விகிதம் 2 சதவீதம், ஆளுக்கு 2. மறுமதிப்பீட்டில் பத்து வீடுகளும் 200 ஆகிவிட்டன, மொத்தம் 2,000. தேவை அதே 20 என்றால் விகிதம் 1 சதவீதமாக இறங்கும். நீங்கள் கட்டுவது அதே 2.

இப்போது மற்ற ஒன்பது வீடுகளும் 200 ஆக, உங்களுடையது மட்டும் 300 ஆனது என்று கொள்ளுங்கள். மொத்தம் 2,100. விகிதம் ஏறத்தாழ 0.95 சதவீதம். உங்களுக்கு 2.86, மற்றவர்களுக்கு 1.90. ஆக, உங்கள் மதிப்பு எத்தனை மடங்கு ஏறியது என்று பார்ப்பதால் பயனில்லை. ஊரின் சராசரியைவிட அதிகமாக ஏறியதா என்று பாருங்கள்.

அதே நபர்: எங்கள் ஊரில் விகிதம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதே?

அப்படியானால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. விகிதம் நிலையாக நின்றால், மதிப்பு ஏறும் அளவுக்கு வரியும் ஏறும். சில ஊர்களில் ஒரே ஆண்டில் முழு உயர்வையும் சுமத்தாமல் உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அல்லது சில ஆண்டுகளுக்குப் பிரித்துவிடுவார்கள். உங்கள் சட்டத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொறுமை இல்லாதவர்: எதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தத் தொல்லை? பழைய மதிப்பையே வைத்துக்கொண்டால் என்ன?

அப்படி வைத்துக்கொண்ட நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் வீட்டு வரி இன்றும் 1991 ஏப்ரல் மாத மதிப்பை வைத்தே போடப்படுகிறது. நேற்றுக் கட்டி முடித்த வீட்டுக்கும், 1991இல் இது இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்துதான் மதிப்புப் போடுகிறார்கள். ஜெர்மனியில் மேற்குப் பகுதிக்கு 1964 மதிப்பும் கிழக்குப் பகுதிக்கு 1935 மதிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது, புதிய முறை 2025இல் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் 1998க்குப் பிறகு 2018இல் வரியை உயர்த்தி, மறு ஆண்டே நிறுத்திவைத்து, கடைசியில் 2022இல்தான் சீராய்வு நிலைத்தது.

இடைவெளி நீள நீள என்ன ஆகிறது? ஒரு காலத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த பகுதி இப்போது விலை உயர்ந்த பகுதி. ஆனால் வரி பழையது. அன்று செழிப்பாக இருந்த தெரு இன்று தேய்ந்துவிட்டது. அதன் வரியும் பழையது. தேய்ந்த தெருக்காரர்கள் செழித்த தெருவின் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். மறுமதிப்பீடு நடந்தால் கூச்சல் எழும் என்று அதைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டதாலேயே அடுத்த முறை கூச்சல் இன்னும் பெரிதாகிறது.

கதவடைத்தவர்: ஆய்வாளரை வீட்டுக்குள் விடத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி மிகப் பழையது. இங்கிலாந்தில் 1662இல் அடுப்பு வரி போட்டார்கள். வீட்டுக்குள் எத்தனை அடுப்புகள் என்று எண்ண ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். மக்கள் கொதித்தார்கள், 1689இல் அந்த வரி ஒழிந்தது. 1696இல் சன்னல் வரி வந்தது. சன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம் அல்லவா! உடனே பலர் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாமல் வாழ்ந்தார்களே தவிர வரி கட்டவில்லை. 1851 வரை அந்தக் கூத்து நீடித்தது.

இன்றைக்குப் பல ஊர்களில் நீங்கள் மறுக்கலாம். மறுத்தால் ஆய்வாளர் வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பதை ஊகித்து எழுதுவார். அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வெளிப்புறம் பளபளப்பாக இருந்தால் குளியலறையும் புதுப்பிக்கப்பட்டதாகத்தான் எழுதுவோம். உள்ளே விட மறுத்தவர் பின்னால் மதிப்பை எதிர்த்து முறையிட முடியாது என்று சொல்லும் சட்டங்களும் உண்டு. என் அனுபவத்தில், உள்ளே பழுதான வீடு வைத்திருந்தவர்கள்தாம் கதவைச் சாத்திக்கொண்டு நஷ்டப்பட்டார்கள். ஒழுகும் கூரையையும் வெடித்த சுவரையும் காட்டாமல் விட்டால் யாருக்கு லாபம்?

தனியாக இருப்பவர்: வந்தவர் உண்மையிலேயே நகராட்சி ஆள்தான் என்று எப்படி நம்புவது?

அடையாள அட்டையைக் கேளுங்கள். அலுவலகத்தை அழைத்துப் பெயரைச் சரிபாருங்கள். ஆனால் அவர் தரும் எண்ணில் அல்ல, உங்கள் பழைய வரி ரசீதில் உள்ள எண்ணில். வாசலில் நின்றே பணம் கேட்பவர் மதிப்பீட்டாளர் அல்லர். வீட்டில் பிள்ளைகள் மட்டும் இருந்தால் முறையான ஆய்வாளர் உள்ளே வரவே மாட்டார்.

அலங்காரப் பிரியர்: புதிய சோபா, பெரிய தொலைக்காட்சி இதையெல்லாம் கணக்கில் எடுப்பார்களா? முந்தின நாள் ஒளித்துவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

முதுகு வலிதான் மிச்சம். அறைகலன், நகை, சுவரில் மாட்டிய படம் எதுவும் கணக்கில் இல்லை. நாங்கள் பார்ப்பது கட்டடத்தை. பொதுவாக வெளிச்சுவரின் நீள அகலத்தை நாடாவாலோ லேசர் கருவியாலோ அளந்து வரைபடம் போடுவோம். ஆகவே உங்கள் விற்பனைப் பத்திரத்தில் உள்ள உட்பரப்பைவிட எங்கள் பரப்பு கூடுதலாக இருக்கலாம். அது பிழை அல்ல. பிறகு கட்டிய ஆண்டு, மாடிகள், குளியலறைகளின் எண்ணிக்கை, கூரை, தரை, கட்டுமானத் தரம், இப்போதைய நிலை. தரமும் நிலையும் வேறு வேறு. நன்றாகக் கட்டி, பராமரிக்காமல் விட்ட வீடு தரத்தில் உயர்ந்தும் நிலையில் தாழ்ந்தும் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட புது ஆய்வாளர்களின் பதிவுகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். வெள்ளையடிப்பதும் உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவதும் பராமரிப்பு. அறை சேர்ப்பதும் கார் நிறுத்துமிடத்தை அறையாக மாற்றுவதும் மதிப்பை ஏற்றும்.

மாடி அறைக்காரர்: அனுமதி வாங்காமல் மாடியில் ஓர் அறை கட்டியிருக்கிறேன். மாட்டிக்கொள்வேனா?

அறை இருக்கிறது, எனவே வரி உண்டு. இப்போது வான்வழிப் படங்களைப் பழையதோடு ஒப்பிட்டாலே புதிய கூரை தெரிந்துவிடும். வரி கட்டிவிட்டதால் அறை சட்டப்படி ஆகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். வரிப் பிரிவு வேறு, கட்டட அனுமதிப் பிரிவு வேறு. ஒன்றின் ரசீது மற்றொன்றின் அனுமதி ஆகாது.

சந்தேகப் பிராணி: என் வீட்டுக்குள் யாருமே வரவில்லை. மதிப்பு மட்டும் எப்படி வந்தது?

ஆயிரக்கணக்கான வீடுகளைத் தனித்தனியாக விலை பேச யாராலும் முடியாது. எந்த நாளின் விலையைக் கணக்கில் எடுக்கிறோமோ அந்த நாள்தான் மதிப்பீட்டுத் தேதி. அதற்கு முந்தைய காலத்தில் ஊரில் நடந்த விற்பனைகளைத் திரட்டுவோம். அண்ணன் தம்பிக்கு விற்றது, ஏலத்தில் போனது, அவசரத்துக்கு விற்றது ஆகியவற்றை நீக்குவோம். மிஞ்சியதிலிருந்து, இந்தப் பகுதியில் கூடுதலாக ஒரு குளியலறை எவ்வளவு பெறும், வயது ஏற ஏற எவ்வளவு குறையும் என்று கண்டுபிடித்து, விற்காத வீடுகளுக்கும் பொருத்துவோம். வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு வாடகை வருமானத்தை வைத்தும், விற்பனையே நடக்காத அபூர்வக் கட்டடத்துக்குக் கட்டும் செலவில் தேய்மானத்தைக் கழித்தும் போடுவதுண்டு.

கணக்கு சரியா என்று சோதிக்கவும் வழி உண்டு. விற்ற வீடு ஒவ்வொன்றுக்கும் எங்கள் மதிப்பை விற்பனை விலையால் வகுப்போம். சர்வதேச மதிப்பீட்டு அலுவலர் சங்கத்தின் தரத்தின்படி இந்த விகிதங்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 0.90க்கும் 1.10க்கும் இடையே இருக்க வேண்டும். அந்த இடைநிலையிலிருந்து வீடுகள் சராசரியாக விலகும் அளவு, குடியிருப்புகளுக்கு 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எனக்கு எப்போதும் கவலை தந்தது வேறொன்று. மலிவான வீடுகளுக்கு விலையை ஒட்டியோ மேலாகவோ மதிப்பு விழும், ஆடம்பர வீடுகளுக்குக் குறைவாக விழும். இதைப் பிடிக்கத் தனிச் சோதனை இருக்கிறது. உங்கள் நகராட்சி அந்த முடிவை வெளியிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எரிச்சலில் இருப்பவர்: அச்சு அசலாக ஒரே மாதிரி வீடு. அடுத்த வீட்டுக்காரர் என்னில் கால் பங்குதான் கட்டுகிறார்!

முதலில் அவருக்கு வயது அல்லது ஊனம் காரணமாகச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமே அப்படி இருக்கவும் கூடும். கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய விதிப்படி, வீடு கைமாறும்போதோ புதிதாகக் கட்டும்போதோதான் மறுமதிப்பீடு. மற்றபடி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் மதிப்பு ஏறாது. அங்கே நேற்று வாங்கியவரும் நாற்பது ஆண்டு இருந்தவரும் ஒரே தெருவில் மலைக்கும் மடுவுக்குமான வரி கட்டுவார்கள். இவை இரண்டும் இல்லையென்றால் உங்கள் இருவரின் சொத்துப் பதிவையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

முறையீட்டுக்காரர்: முறையிடப் போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

"நாற்பது சதவீதம் ஏற்றிவிட்டீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "கட்ட முடியவில்லை" என்பதும் மதிப்பைக் குறைக்கக் காரணம் ஆகாது. அதற்குச் சலுகை, தவணை என்று வேறு மனு. கேள்வி ஒன்றே: மதிப்பீட்டுத் தேதியில் இந்த வீடு இந்த விலைக்குப் போயிருக்குமா?

முதலில் உங்கள் சொத்துப் பதிவை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். இல்லாத குளியலறை, இடித்துவிட்ட கொட்டகை, தவறான பரப்பளவு என்று ஏதாவது ஒன்று சிக்கும். நான் பார்த்த முறையீடுகளில் சண்டையின்றி முடிந்தவை இவைதாம். அடுத்து, உங்கள் வீட்டை ஒத்த மூன்று நான்கு வீடுகள் மதிப்பீட்டுத் தேதிக்கு முன் என்ன விலைக்கு விற்றன என்ற விவரம். அதன் பிறகு பழுதுகளின் தேதியிட்ட படங்கள். அதிகாரியோடு நேரில் பேசும் முதல் கட்டத்தைத் தவிர்க்காதீர்கள். முறையீட்டுக் கெடு ஒரு நாள் தாண்டினாலும் எதுவும் எடுபடாது. வழக்கு நடக்கும்போதும் பல இடங்களில் வரியைக் கட்டியே ஆக வேண்டும். வென்றால் திருப்பித் தருவார்கள்.

அதே நபர்: முறையிட்டால் மதிப்பை ஏற்றிவிடுவார்களா?

சில இடங்களில் அதற்கு அதிகாரம் உண்டு. உங்கள் பதிவில் உங்களுக்குச் சாதகமான பிழையும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைந்தவர்: மதிப்பீட்டுத் தேதி முடிந்து இரண்டு மாதத்தில் வெள்ளம் வந்து கீழ்த்தளம் பாழாகிவிட்டது. இந்த ஆண்டே குறைப்பார்களா?

பொதுவாக அந்தத் தேதியில் வீடு இருந்த நிலையைத்தான் பார்ப்பார்கள். குறைப்பு அடுத்த ஆண்டில்தான் வரும். ஆனால் பேரிடருக்கென்று தனி விதி வைத்திருக்கும் ஊர்கள் உண்டு. அதற்கு மனு கொடுக்கும் கெடு மிகக் குறுகியதாக இருக்கும், எனவே இன்றே அலுவலகத்தில் கேளுங்கள். சேற்றைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்தீர்களா?