குவில்ட் தைக்க மெஷின் வாங்கும்போது எதைப் பார்ப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க மெஷின் வாங்கப் போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கி, சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு மெஷினில் 60 வகைத் தையல், இன்னொன்றில் 200க்கு மேல். விலையில் நல்ல வித்தியாசம். அதிகம் இருப்பதை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

குவில்ட்டுக்கு மட்டும் என்றால், இல்லை. துண்டுகளை இணைப்பது நேர்த்தையல். மேல் துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பதும் பெரும்பாலும் நேர்த்தையல். ஓரப் பட்டியும் அப்படியே. அப்ளிக் (ஒரு துணியின் மேல் வேறு துணி உருவங்களை வைத்துத் தைப்பது) செய்கிறவருக்கு ஜிக்ஜாக்கும், விளிம்பைப் பிடிக்கும் பிளாங்கெட் தையலும் வேண்டும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் வாங்கிய முதல் வாரத்தில் ஒரு துண்டுத் துணியில் வரிசையாகப் போட்டு ரசிப்பதற்குத்தான்.

விளம்பரத்தில் பெருமையாகப் போடும் இன்னொன்று ஜிக்ஜாக் அகலம். 9 மி.மீ. வரை போகும் மெஷினில் நீடில் பிளேட்டின் (ஊசி இறங்கும் இடத்தில் உள்ள உலோகத் தகட்டின்) ஓட்டையும் அந்த அளவுக்கு அகலமாகத்தான் இருக்கும். துணியை நகர்த்தும் பல் வரிசைகளும் விலகி இருக்கும். விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் தைக்கும்போது வலப்பக்கப் பல்லில் துணி சரியாகப் படியாது. முக்கோணத் துண்டின் கூர்முனையை ஓட்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊசி மட்டும் நுழையும் ஒற்றை ஓட்டை பிளேட் அந்த மெஷினுக்குக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். அதைப் போட்ட பிறகு மறந்துபோய் ஜிக்ஜாக்கைத் தொட்டால் ஊசி உடையும், சில மெஷின்கள்தான் தாமாகத் தடுக்கும்.

கேள்வி: இரட்டைக் கட்டில் அளவுக்குக் குவில்ட் தைக்க ஆசை. ஊசிக்கு வலப்பக்கம் எவ்வளவு இடம் இருக்க வேண்டும்?

கையில் இருக்கும் பணத்தை எதில் போடலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். சாதாரண வீட்டு மெஷினில் ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரை 6 முதல் 7 அங்குலம் இருக்கும். குவில்ட்டுக்கென்று விற்கும் பெரிய மெஷின்களில் 9 முதல் 11 அங்குலம் வரை கிடைக்கும். இரண்டு மூன்று அங்குலத்துக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். 90 அங்குல அகலக் குவில்ட்டை நடுவிலிருந்து தைக்கத் தொடங்கினால், 45 அங்குலத்தைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் அடைக்க வேண்டும். அது அசையவும் இடம் வேண்டும். 6 அங்குலத்தில் சுருள் போய் முட்டிக்கொள்ளும், தையல் கோணும், தோள் வலிக்கும்.

நீளத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் பாருங்கள். சுருள் உருண்டையாக இருப்பதால் மெஷினின் மேல்கைக்கு அடியில் உள்ள உயரமும் கணக்கில் வரும். கடைக்குப் போகும்போது டேப்பை எடுத்துப்போய் நீங்களே அளப்பது நல்லது.

சரி, சின்ன மெஷினில் பெரிய குவில்ட் முடியவே முடியாதா? முடியும். நடுப்பகுதியைத் தைக்கும்போதுதான் திண்டாட்டம், ஓரத்துக்கு வர வர சுலபமாகிவிடும். பகுதி பகுதியாகக் குவில்ட் செய்துவிட்டுப் பிறகு இணைக்கும் முறையும் இருக்கிறது. எந்த மெஷினானாலும் மேசை மட்டமும் மெஷின் தட்டின் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். குவில்ட்டின் கனம் மேசைக்குக் கீழே தொங்கினால் துணி பின்னுக்கு இழுபடும், தையல் நீளம் சின்னதும் பெரிதுமாக வரும். பலர் டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) திருகித் திருகிப் பார்ப்பது இந்தக் கோளாறுக்குத்தான். பெரிய மெஷினுக்குப் பணம் இல்லாவிட்டால், இப்போதுள்ள மெஷினைச் சுற்றி ஓர் அகலமான விரிவு மேசை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, வாக்கிங் ஃபுட் தனியாக வாங்கினால் போதுமா, மெஷினோடு சேர்ந்தே வரும் வகைதான் வேண்டுமா?

தனியாக வாங்கினால் போதும்மா. பல் அடித்துணியைத்தான் இழுக்கிறது. மேல் துணியை ஃபுட் அழுத்திப் பிடித்துக்கொள்வதால் அது பின்தங்கி, குறுக்கே வரும் கோட்டில் கொசுவம் விழுகிறது. வாக்கிங் ஃபுட்டுக்கு அதற்கென்றே பற்கள் உண்டு. மேலிருந்தும் துணியை நகர்த்திக்கொடுக்கும். மெஷினோடு வரும் வகையில் ஃபுட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கை இறங்கி இதே வேலையைச் செய்யும், பருமன் குறைவு, வேறு ஃபுட்டுகளோடும் சேரும். வசதிதான், ஆனால் அதற்காகவே மெஷினை மாற்ற வேண்டாம். வாங்கும் முன் உன் மெஷின் லோ ஷாங்க்கா ஹை ஷாங்க்கா (ஃபுட் மாட்டும் தண்டு குட்டையா உயரமா) என்று பார்த்துக்கொள். மாற்றி வாங்கினால் பொருந்தாது.

கேள்வி: ஃப்ரீ மோஷன் (பல் இழுக்காமல், துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பது) கற்க வேண்டும். என் மெஷினில் பல்லைக் கீழே இறக்கும் வசதி இல்லை. ஸ்டிட்ச் ரெகுலேட்டர் உள்ள மெஷினுக்கு மாறலாமா?

பல்லை மூடும் தகடு ஒன்று கிடைக்கும், அதைப் போட்டால் போதும். தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, பல்லை அப்படியே விட்டுத் தைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊசியோடு சேர்ந்து எழும்பி இறங்கும் துள்ளும் ஃபுட் ஒன்று மட்டும் அவசியம். ரெகுலேட்டர் துணி நகரும் வேகத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப ஊசியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். நல்ல கருவிதான், விலையும் அப்படியே. முதலில் தகட்டைப் போட்டுக் கொஞ்ச நாள் பழகுங்கள். கைக்கும் காலுக்கும் இணக்கம் வந்த பிறகும் அது வேண்டும் என்று தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

கேள்வி: விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் தைக்க உதவும் ஃபுட் வாங்கிய பிறகும் என் கட்டங்கள் சிறிதாகவே வருகின்றன. மெஷின் சரியில்லையா?

மெஷின் மேல் பழி போட வேண்டாம். அயர்ன் செய்து மடக்கும் இடத்தில் நூலிழை அளவு துணி போய்விடும், அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைக்க வேண்டும். சோதனை இது: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி இணைத்து, அயர்ன் செய்து, நடுப்பட்டியை அளங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். தையல் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப்போனால், இரண்டு துணியிலுமாக ஓர் இணைப்புக்கு 1/8 அங்குலம் போகும். 16 கட்டம் உள்ள வரிசையில் 15 இணைப்பு, கிட்டத்தட்ட 2 அங்குலம் காணோம்!

ஊசியைச் சிறு சிறு படிகளாக வலப்பக்கம் நகர்த்த முடிந்தால் நொடியில் தீர்ந்துவிடும். ஆகவே இந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் ஒற்றை ஓட்டை பிளேட் போட்டிருக்கும்போது ஊசியை நகர்த்தவே கூடாது. அப்போது தட்டின் மேல் ஒட்டுநாடாவால் ஒரு எல்லை வைத்துக்கொண்டு, அதை ஒட்டித் தையுங்கள்.

கேள்வி: நூல் வெட்டும் பட்டன், முழங்கால் லிஃப்ட், ஊசியில் நூல் கோர்க்கும் கருவி... இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கும் வசதி கட்டாயம். முழங்கால் லிஃப்ட்டும் எனக்குப் பிடித்தது, முழங்காலாலேயே ஃபுட்டைத் தூக்கலாம், இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் கனமான பஞ்சுக்கு உதவும். நூல் வெட்டும் பட்டன் துண்டு இணைக்கும்போது நேரம் மிச்சம். மூன்று அடுக்கையும் சேர்த்துக் குவில்ட் செய்யும்போதோ முடிச்சுப் போட்டு உள்ளே மறைக்க நீளமான நூல் வேண்டும், அதனால் பயன்படாது. நூல் கோர்க்கும் கருவி உங்கள் கண்ணைப் பொறுத்தது.

கேள்வி: வீட்டில் பழைய கறுப்பு கால்மிதி மெஷின் இருக்கிறது. குவில்ட்டுக்கு ஆகுமா?

துண்டு இணைக்க அருமையாக ஆகும். சின்ன ஓட்டை, நெருக்கமான பல், நேர்த்தையல் ஒன்றே தொழில். 1933இல் வந்த சிங்கர் 221 மின்சார மெஷின்கூட நேர்த்தையல் மட்டும்தான் போடும். சுமார் 5 கிலோ எடையுள்ள அதைக் குவில்ட் தைப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். கால்மிதியில் ஃப்ரீ மோஷனும் வரும். மிதியின் தாளம் பழகும்வரை சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் சிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கடையில் மெஷினை எப்படிச் சோதிப்பது?

அவர்கள் தரும் விறைப்பான மாதிரித் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். இரண்டு பருத்தித் துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, ஓர் அடிச் சதுரமாக உங்கள் துண்டை நீங்களே கொண்டுபோங்கள். மேல் துணியில் நான்கு இணைப்புகள் கூடும் தடித்த இடம் ஒன்று இருக்கட்டும். அதன் மேல் ஏறி இறங்கித் தைத்துவிட்டு, அடிப்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் மிதியை லேசாகத் தொட்டு, ஒவ்வொரு தையலாகப் போகிறதா என்று பாருங்கள். திடீரென்று பாய்ந்தால் வேறு மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.