தாய்மீன் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மீன் மரபியலாளர் அம்பேகர் ஏக்நாத் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். வேகமாக வளர்பவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்து உருவாக்கிய கிஃப்ட் என்ற திலேப்பியா மீன் இனம் பெரிய சாதனைதான். ஆனால் அது பல நாட்டு மீன்களைத் திரட்டிச் செய்த திட்டம். நான் ரோகு கெண்டைக் குஞ்சு உற்பத்தி செய்பவன். என்னிடம் தாய்மீன்களாக, அதாவது குஞ்சு எடுக்க வைத்திருக்கும் பெற்றோர் மீன்களாக, 40 பெண், 5 ஆண். முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு, வயிற்றைப் பிதுக்கி முட்டை எடுக்கிறோம். அடுத்த தாய்மீன்களையும் இதிலிருந்தே வளர்த்துக்கொள்கிறேன். இப்போது குஞ்சு வாங்குபவர்கள் வளர்ச்சி குறைகிறது என்கிறார்கள். தீவனமா, நீரா, இனமா? அந்த ஆராய்ச்சியில் எனக்கு ஏதேனும் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஏக்நாத் கிஃப்டுக்குப் போவதற்கு முன் ஆராய்ந்தது உங்களுடையதைப் போன்ற பண்ணைகளைத்தான். மரபியலாளர் ரோஜர் டாயிலுடன் சேர்ந்து கர்நாடகத்துக் கெண்டைக் குஞ்சுப் பண்ணைகளை அவர் ஆய்வு செய்தார். அங்கே உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் கூடி வளர்ச்சியைக் குறைக்கும் நிலை, ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை கூடுகிறது என்று 1990ல் வெளியான அவர்களது கட்டுரை மதிப்பிட்டது. அவரது பணிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். குளத்தில் எத்தனை மீன் கிடக்கிறது என்பதை விட்டு, அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பெற்றோராக நிற்பவை எத்தனை என்று எண்ணச் சொன்ன ஆய்வு அது.

உங்கள் கணக்கையே போடுவோம். ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4 × 5 × 40 = 800; 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18. நாற்பத்தைந்து மீனுக்குத் தீனி போட்டாலும் மரபுக்கணக்கில் உங்களிடம் இருப்பது பதினெட்டுதான். இதை இரட்டித்து ஒன்றை அதனால் வகுத்தால் தலைமுறைக்கு 2.8 சதவீத உறவுக்கலப்பு. ஐந்து தலைமுறையில் 13 சதவீதத்தைத் தொடும். அதே குளத்தில் 25 ஆண், 25 பெண் இருந்தால் தலைமுறைக்கு 1 சதவீதம். ஐந்து தலைமுறைக்குப் பிறகும் 5 சதவீதத்துக்குள் நிற்கும். ஆண்களைக் குறைத்துத் தீவனம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு நட்டமான சிக்கனம் என்று பாருங்கள்.

இந்தப் பதினெட்டும்கூட எல்லா ஜோடிகளின் குஞ்சுகளும் ஏறக்குறைய சமமாகத் தாய்மீனாகும்போதுதான். பல ஆண்களின் விந்துப்பாலை ஒரே பாத்திரத்தில் கலந்து ஊற்றினால், வீரியமான ஓரிரு ஆண்களே பெரும்பாலான முட்டைகளுக்குத் தந்தையாகிவிடும். ஐந்து ஆண் என்பது நடைமுறையில் இரண்டாகிவிடலாம். எனவே ஒவ்வொரு பெண்ணின் முட்டையையும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வேறு ஆணின் பாலைத் தனியாகக் கலக்குங்கள். விற்பனைக் குஞ்சுகளை எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். தாய்மீனுக்கு ஒதுக்குபவற்றை மட்டும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் எடுங்கள். ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கும் குளத்தில் இதைச் சரியாகச் செய்தால், மேலே போட்ட மரபுக்கணக்கில் வரும் மீன் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கும். பணச்செலவே இல்லாத ஏற்பாடு.

பெரிய மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய சிறியவற்றைத் தாய்மீனாக வைக்கும் பழக்கம் இருந்தால் உடனே விடுங்கள். சிறிய மீனுக்கு ஊசிமருந்து குறைவு, கையாள எளிது, உண்மைதான். ஆனால் அது மெதுவாக வளரும் மீனைத் தேர்ந்தெடுப்பதே.

தீவனமா இனமா என்பதைச் சோதித்தே முடிவு செய்யுங்கள். உங்கள் குஞ்சில் 100, தொடர்பில்லாத வேறு பண்ணைக் குஞ்சில் 100. ஒரே வயது, ஒரே அளவு. ஒரு கூட்டத்துக்கு இடது வயிற்றுத் துடுப்பையும் மற்றதற்கு வலதையும் நறுக்கி, ஒரே குளத்தில் விடுங்கள். ஒன்றை மட்டும் நறுக்கினால் காயத்தின் பாதிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தொடக்க எடையில் சிறு வேறுபாடு இருந்தாலும், போட்டியில் பெரியது தீவனத்தை முந்திப் பிடித்து அந்த வேறுபாடு பெருகிக்கொண்டே போகும். அளவு பிரிப்பதில் கறாராக இருங்கள். நறுக்கிய துடுப்பு மீண்டும் வளரக்கூடும், அடையாளம் மறைவதற்குள் எடை பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி மெலிந்திருந்தால் முதலில் நீரையும் தீவனத்தையும் பாருங்கள். உங்களுடையது மட்டும் பின்தங்கினால் இனம்.

அப்படியானால் இருக்கிற மீன்களையே எண்ணிக்கையில் கூட்டிப் பயனில்லை. இழந்த மரபணு வகைகள் தாமாகத் திரும்பாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும். கிஃப்ட் திட்டமும் அப்படித்தான் தொடங்கியது: எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களோடு ஆசியப் பண்ணைகளில் வளர்ந்த நான்கு வகைகள். ரோகுவில் இதே வழியில் வந்தது ஜெயந்தி என்ற இனம். புவனேஸ்வரம் கௌசல்யாகங்காவில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆற்று ரோகுக்களோடு தன் பண்ணை மீனையும் சேர்த்து, நார்வே நிபுணர்களின் உதவியுடன் தேர்வு இனப்பெருக்கம் செய்து 1997ல் வெளியிட்டது. அதை வாங்குவதென்றாலும் ஒரே ஜோடியின் குஞ்சுகளாக வாங்கிவிடாதீர்கள். பல குடும்பங்களிலிருந்து கலந்து தரச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துப் பண்ணையோடு மீன் மாற்றிக்கொள்ளும் முன், அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று விசாரியுங்கள். ஒரே மூலம் என்றால் மாற்றிப் பலனில்லை.

ரோகுவோடு கட்லா என்ற வேறு கெண்டையையும் ஒரே தொட்டியில் முட்டையிட விடுபவராக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கலப்புக் குஞ்சுகள் மலடல்ல. தாய்மீன் குளத்தில் புகுந்துவிட்டால் பிறகு கண்ணால் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். புதிய மீன் வந்து சேர்ந்ததும் ஊசிமூலம் உடலில் பொருத்தும் பிட் டேக் அடையாளச் சில்லு போட்டு, எந்த ஆணோடு எந்தப் பெண் என்பதை ஒவ்வொரு பருவமும் குறித்து வையுங்கள்.