குணகம் முறிந்தால் அலைச் சமன்பாடு என்னாகும்?

வந்தாறுமூலையில் கணிதம் படிக்கும் ஒருவரின் கேள்வி: நேரத்தோடு மாறும் குணகம் ஒழுங்கற்றதாக இருக்கையில், லீ குலமொன்றின் (சுழற்சிகளின் தொகுதி போலத் தொடர்ச்சியான சமச்சீர்களாலான வெளி) மீதான அலைச் சமன்பாடு நன்கமைந்தது என்று எப்போது சொல்லலாம்?

கணிதவியலாளர் ஹடமார் வகுத்தபடி, நன்கமைவுக்குத் தீர்வு இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், தொடக்கத் தரவு சிறிது மாறினால் அதுவும் சிறிதே மாற வேண்டும். மூன்றாவதுதான் தொல்லை தரும். இங்கே குணகம் என்பது அலைவேகத்தின் வர்க்கம்; ஆழமற்ற நீரில் அது ஆழத்துக்கு நேர்விகிதமானது. மாரியில் மட்டக்களப்பு முகத்துவாரத்தில் மணல்திட்டு வெட்டப்படும்போது அவ்விடத்து ஆழம் சட்டென மாறுவதால், குணகம் துள்ளுவது வெறும் கற்பனையல்ல.

இறுக்கமான (எல்லைப்பட்டு மூடிய) லீ குலத்தில், இடப்புறப் பெருக்கலால் மாறாத திசையன் புலங்களின் வர்க்கக் கூட்டலை இடச்செயலியாக எடுத்துப் பூரியர் மாற்றம் செய்தால் (அதாவது அலையை மீடிறன்களாகப் பிரித்தால்), ஒவ்வொரு மீடிறனுக்கும் ஒரு சாதாரண வகையீட்டுச் சமன்பாடு கிடைக்கும். குணகம் நேரானதொரு கீழெல்லைக்கு மேலும் லிப்சிற்ஸ் தன்மையுடனும் (மாறும் வீதம் எல்லைப்பட்டதாக) இருந்தால், சக்தியின் பெறுதி, குணகப் பெறுதியைக் குணகத்தால் வகுத்த அளவின் சக்தி மடங்குக்குள் அடங்கும். இந்த வரம்பில் மீடிறனே வராது. அதுதான் முழுச் சூட்சுமமும்.

ஹோல்டர் தொடர்ச்சி (லிப்சிற்ஸைவிட நலிந்த தொடர்ச்சி) மட்டுமே இருந்தால் உயர்மீடிறன்கள் பெருகுகின்றன; ஜெவ்ரே வகுப்பைச் சேர்ந்த, மிகமிக ஒழுங்கான தரவுக்கே நன்கமைவு எஞ்சும். யூக்ளிட் வெளிக்கு இதை 1979இல் கொலம்பினி, தெ ஜோர்ஜி, ஸ்பன்யோலோ ஆகியோர் காட்டினர். குணகம் டெல்ரா (ஒரே புள்ளியில் குவிந்த துடிப்பு) போன்ற பரம்பலானால், அதாவது பொதுமைப்படுத்திய சார்பானால், அதைத் தீர்வோடு பெருக்குவதற்கே பொருளில்லை. கணிதவியலாளர்களான கரேற்றோவும் ருஷான்ஸ்கியும் முன்வைத்த ‘மிக நலிந்த தீர்வு’ என்ற கருத்து, குணகத்தை மழுப்பி (ஒழுங்கான சார்புகளால் அண்ணளவாக்கி), மழுப்பல் குறையக் குறையத் தீர்வுகள் எவ்வளவு விரைவாகப் பெருகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. குணகம் ஒழுங்கானதாக இருந்தால் அது வழமையான தீர்வையே தரும். இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் அந்த வரைவிலக்கணத்தை நான் ஏற்றிருக்க மாட்டேன்.