விண்டோஸ் மட்டுமே தெரியும், வாங்கிய லேப்டாப்பில் உபுண்டு இருக்கிறது. கல்லூரியில் சமாளிக்க முடியுமா?

முடியும். 2013-ல் நானும் இதே நிலையில்தான் பொறியியல் முதலாம் ஆண்டு சேர்ந்தேன். ஆனால் என்ன படிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உபுண்டு என்பது விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் மென்பொருள், லினக்ஸ் வகை, இலவசம். என் லேப்டாப்பில் அது வந்ததற்குக் காரணம் கொள்கை எல்லாம் இல்லை, விலைதான். விண்டோஸ் உரிமத்தின் காசு சேராததால் அதே மாடல் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. கடைக்காரர், "ஐந்நூறு ரூபா குடுங்க சார், நானே விண்டோஸ் போட்டுத் தந்துடறேன்" என்றார். அப்பா ரசீது இல்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்காத மனிதர். "அதுக்கும் பில் போடுவீங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். அப்படியே உபுண்டுவோடு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

முதல் வாரம் எரிச்சல்தான். அப்போது இருந்தது 12.04 பதிப்பு. ஜன்னலை மூடும் பொத்தான் இடது மூலையில் இருக்கும், கை வலது மூலைக்கே போகும். (இப்போதைய பதிப்புகளில் அது வலப்பக்கம் வந்துவிட்டது.) சி டிரைவ், டி டிரைவ் கிடையாது, உங்கள் கோப்புகள் எல்லாம் 'ஹோம்' என்ற ஒரே வீட்டுக்குள் இருக்கும். நண்பர்கள் பென் டிரைவில் தரும் இஎக்ஸ்இ கோப்புகளைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. மென்பொருள் வேண்டுமென்றால் உள்ளேயே இருக்கும் மென்பொருள் மையத்தில் தேடி எடுக்க வேண்டும். பத்து நாளில் இதெல்லாம் கைக்கு வந்துவிடும்.

விடுதியில் வைஃபை வேலை செய்யாததுதான் என்னை அழவைத்தது. உள்ளே இருந்த வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் தனியாக இறக்க வேண்டிய வகை. அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்த டிரைவர் வேண்டும்! பக்கத்து அறை அக்கா தன் போனை யுஎஸ்பி கம்பியில் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை ஆன் செய்தார். அடுத்த நொடி இணையம் வந்துவிட்டது. பிறகு 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் ஒரு டிக், ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். எனக்கு வந்தது, ஆனால் உபுண்டு போட்டே விற்ற லேப்டாப் என்றால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. வந்தால் போனும் கம்பியும் போதும்.

எதிர்பாராத இடத்தில் ஒரு உதவியும் கிடைத்தது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த எங்கள் காலத்துப் பிள்ளைகள் ஸ்டார் ஆபீஸை மனப்பாடம் செய்தவர்கள். 'உலகமே வேர்டும் எக்செலும் வைத்திருக்கும்போது இதை எதற்குப் படிக்கிறோம்' என்று திட்டிக்கொண்டே படித்தோம். உபுண்டுவில் லிப்ரே ஆபீஸைத் திறந்தால் பார்த்த முகமாக இருக்கிறது. ஸ்டார் ஆபீஸின் நிரலிலிருந்து ஓபன் ஆபீஸ் வந்து, அதிலிருந்து 2010-ல் பிரிந்ததுதான் லிப்ரே ஆபீஸ். திட்டியதெல்லாம் வீண்.

அப்புறம் சி மொழி லேப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் மாறினேன்.

லேபில் இருந்தது டர்போ சி என்ற கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்), விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நீலத்திரை. அங்கே எழுதிய நிரல்களை அறைக்கு வந்து உபுண்டுவின் கம்பைலரான ஜிசிசியில் ஓட்டினால் முதல் வரியிலேயே அடி விழும். 'கோனியோ டாட் எச்' என்ற கோப்பே இல்லை என்கிறது. அது டாஸ் கம்பைலர்களோடு வந்த கோப்பு, சி மொழியின் தரத்தில் அது கிடையாது. ஆக, திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீனும் போச்சு, கடைசியில் திரை மறையாமல் நிறுத்தி வைக்கும் கெட்ச்சும் போச்சு. எச்சரிக்கைகளை முழுதாகக் காட்டச் சொல்லி ஓட்டினால் 'வாய்ட் மெயின்' என்பதற்கும் ஒன்று வருகிறது. முதலில் என் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஃபேக்டோரியல் பயிற்சி, அதாவது 1-லிருந்து ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது. 7-க்கு 5040 எல்லோருக்கும் வந்தது. 8-க்கு லேப் கணினியில் மைனஸ் 25216! பெருக்கிக்கொண்டே போனால் மைனஸ் எப்படி வரும்? அறையில் என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஒழுங்காக 40320 வந்தது. டர்போ சியில் முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது 16 பிட், 32767-க்கு மேல் அதற்குப் பிடிக்காது. ஜிசிசியில் 32 பிட். பெருமையோடு 13-க்கும் ஓட்டிப் பார்த்தேன், அங்கே அதுவும் உளறியது. எண்ணுக்கு எல்லை உண்டு என்பது அன்றுதான் மண்டையில் ஏறியது. இரண்டு கணினியும் ஒரே மாதிரி இருந்திருந்தால், அந்த மைனஸைப் பார்த்துவிட்டு உள்ளீட்டை 5 என்று மாற்றி ரெக்கார்டில் எழுதியிருப்பேன். வகுப்பில் பலர் அதைத்தான் செய்தார்கள்.

எங்கள் வகுப்பில் பலரிடம் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும், யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. பாஸும் உபுண்டுவும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வழி வந்த சொந்தங்கள், கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாம் ஆண்டில் அவர்களுக்கு நான் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை, சொல்லிக் கொடுத்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகள். தமிழ்க் குரலிலும் உண்டு, இலவசம். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அடி வாங்கிய இன்னொரு இடம் ஜெராக்ஸ் கடை. லிப்ரே ஆபீஸில் அழகாக அடித்த அசைன்மென்டை வேர்ட் கோப்பாகக் கொண்டுபோனால், கடையில் எழுத்துரு மாறி, அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடி, பன்னிரண்டு பக்கம் பதினான்காகிவிடும். "என்னம்மா, தலைப்பு தனியா நிக்குது?" என்பார் கடை அண்ணன். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். சேர்ந்து எழுதும் கோப்பு என்றால் கூகுள் டாக்ஸ். தமிழ் மன்ற மலருக்கு வந்த கட்டுரைகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன, என் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அது உபுண்டுவின் குற்றம் இல்லை, அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் அப்படித்தான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தமிழ் 99 விசைப்பலகை, மொழி மாற்றித் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் வழியாகக் கிடைக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ், கணிதம் என்றால் மாற்றவே வேண்டாம், உங்களுக்கு லாபம்தான். சிவில், மெக்கானிக்கல் என்றால் ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் லினக்ஸுக்கு இல்லை. பி.காம்முக்கு டேலி, விஸ்காமுக்கு போட்டோஷாப், இரண்டும் இல்லை. மாற்று மென்பொருள் இருக்கிறது என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் ஆசிரியர் அந்த மாற்றில் மதிப்பெண் போடமாட்டார். இணையத் தேர்வும் கவனம்: திரையைப் பூட்டும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸிலும் ஆப்பிளிலும் ஓடும், லினக்ஸில் ஓடாது. கல்லூரி எதைப் பயன்படுத்துகிறது என்று சீனியர்களிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

விண்டோஸ் தேவைதான் என்று உறுதியானால், உபுண்டுவை அழிக்காமல் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் வெளியே நகலெடுங்கள். வட்டை இரண்டு இயங்குதளங்களுக்காகப் பிரிக்கும் இடத்தில் ஒரு தவறான சொடுக்கில் என் விடுதித் தோழி பள்ளிக்கால போட்டோக்கள் மொத்தத்தையும் இழந்தாள். உதவி செய்த சீனியர் அதற்குப் பிறகு எங்கள் மாடிப் பக்கமே வரவில்லை.

இரண்டும் இருக்கும் கணினியில் ஒரு விசித்திரம் வரும். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், தேடினால் முதல் பக்கத்திலேயே கிடைக்கும். இது தெரியாமல் நான் ஒரு செமஸ்டர் முழுக்க மணி பார்க்க போனைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.