பேத்திக்கு லத்தீன் எதற்கு?

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் என் பேத்திக்கு அங்குள்ள லத்தீன் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளிதானாம், ஃபீஸ் கிடையாதாம். ஆனால் லத்தீன் கட்டாயமாம். பேச ஆளில்லாத பாஷையைப் படித்து என்ன செய்வாள்? ஏழாவது போகிறவளுக்கு 'கிளாஸ் சிக்ஸ்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஒரு வகுப்பு இறக்கிவிட்டார்களா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கவலையை விடுங்கள் அம்மா. இறக்கவில்லை. அங்கே வகுப்புகளை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். பன்னிரண்டாவதுதான் முதல் வகுப்பு. ஏழாவது, ஆறாம் வகுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு 'சிக்ஸி' என்றே பட்டப்பெயர்.

பள்ளி தொடங்கியது 1635இல். ஹார்வர்ட் கல்லூரியே அதற்கு ஒரு வயது இளையது. அன்றைக்குக் கல்லூரியில் சேர லத்தீனும் கிரேக்கமும் வேண்டும். அதற்குப் பையன்களைத் தயார் செய்யத்தான் இந்தப் பள்ளி. அந்தக் கட்டாயம் எப்போதோ போய்விட்டது, பாடம் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் பேத்தி நாலு வருஷம் படித்தாக வேண்டும். பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1972இல்தான் என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எட்டு வயதில் அங்கே சேர்ந்தார். அப்பா மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். நிறைய பிள்ளைகள். கல்லூரிச் செலவை நினைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் பையனை எடுத்துவிட்டார். எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் வேறொரு பள்ளியில் போட்டார். அங்கே கையெழுத்து தேறியது, கணக்கில் ஃபெயில்! இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்ட அப்பாக்களுக்கு ஊர் ஒரு வழி செய்ய 1821 வரை ஆயிற்று. கல்லூரிக்குப் போகாமல் கடைக்கும் தொழிலுக்கும் போகிற பையன்களுக்காக, லத்தீனே இல்லாத ஒரு பள்ளியை பாஸ்டனில் திறந்தார்கள். இங்கிலீஷ் ஹைஸ்கூல் என்று பெயர் நிலைத்தது. அமெரிக்காவின் முதல் அரசு உயர்நிலைப் பள்ளி அதுதான். ஆறு வருஷம் கழித்து மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டமே போட்டது: 500 குடும்பம் இருக்கிற ஊர் ஒவ்வொன்றும் அமெரிக்க வரலாறு, அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, நில அளவை, கணக்குப்பதிவியல் சொல்லித்தர ஆசிரியரை வைக்க வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் 4,000 பேர் உள்ள ஊர்களுக்கு மட்டும்தான். பணிக்காலம் முழுக்கக் கணக்குப்பதிவியல் எடுத்தவன் நான். என் ஓட்டு இந்தப் பட்டியலுக்குத்தான்.

ஆனாலும் உங்கள் பேத்தி போகட்டும். லத்தீனுக்காக இல்லை. ஏழாவதிலிருந்து பத்தாவது வரை வருஷத்துக்கு மூன்று தடவை, ஒரு உரையையோ கவிதையையோ மனப்பாடம் செய்து, இங்கிலீஷ் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். கையில் தாள் கூடாது. நம் ஊரில் மனப்பாடம் என்றாலே திட்டுகிறோம். இந்த மாதிரி மனப்பாடத்துக்கு நான் கட்சி. அடுத்த தடவை போனில் பேசும்போது சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி எல்லா ஊரிலும் இலவசமாக வந்தது எப்படி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: சண்டை போட்டுத்தான். மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆரம்பப் பள்ளிக்கு வரி கட்டுகிறோம், சரி. லத்தீன், பிரெஞ்சு எல்லாம் வசதியுள்ளவர்கள் வீட்டுப் படிப்பு, அதற்கு எங்கள் காசா என்பது அவர்கள் வாதம். 1874இல் மாநில உச்ச நீதிமன்றம், ஊர் மக்கள் சம்மதித்தால் உயர்நிலைப் பள்ளிக்கும் வரி போடலாம் என்று சொல்லிவிட்டது. மற்ற மாநிலங்களும் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டன. லத்தீன் வேண்டாம் என்று மேலே ஓட்டுப் போட்ட நானும் இந்த வழக்கில் கோர்ட் பக்கம்தான். காசு உள்ளவன் மட்டும் படிக்கட்டும் என்று ஒரு பாடத்தை ஒதுக்கினால், அடுத்து அல்ஜீப்ராவையும் ஒதுக்குவார்கள்.