சி தரநிலை ஆவணம்: எதை எடுப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி: சி மொழியில் 'வாய்டு மெயின்' (நிரல் தொடங்கும் 'மெயின்' ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பாது) என்று எழுதலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். கடைசியில் எல்லோரும் 'ஸ்டாண்டர்டைப் பார்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்தத் தரநிலையை வெளியிடும் சர்வதேச அமைப்பான ஐஎஸ்ஓவின் தளத்தில் அதற்குப் பணம் கேட்கிறது. இணையத்தில் இலவச பிடிஎஃப்களும் உலவுகின்றன. எதை எடுப்பது? எடுத்தாலும் வக்கீல் நோட்டீஸ் போல இருக்கும் அந்த நடையை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: உங்கள் வேலைக்குப் பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஆனால் கையில் கிடைத்த பிடிஎஃப் எதுவானாலும் சரி என்றும் இருந்துவிட முடியாது.

முதலில் எண்ணைச் சரியாகப் பிடியுங்கள். சி மொழித் தரநிலையின் எண் ஐஎஸ்ஓ/ஐஇசி 9899. முழுப் பதிப்புகள் 1990, 1999, 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தன. நிரலாளர்கள் சி17 என்று சொல்வது 2018-இல் அச்சானது, சி23 என்று சொல்வது 2024-இல் அச்சானது. '9899:2023' என்று தேடிவிட்டு இல்லை என்று திரும்பி வருபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். புதிய பதிப்பு வந்ததும் பழையதை ஐஎஸ்ஓ 'வித்ட்ரான்' (திரும்பப் பெறப்பட்டது) என்று குறித்துவிடும். அது விற்பனை நிலவரம்தான். உங்கள் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இன்னும் அந்தப் பழைய பதிப்பின்படியே நடந்துகொண்டிருக்கலாம். எதன்படி நடக்கிறது என்பதை அறிய எஸ்டிடிசி-வெர்ஷன் (__STDC_VERSION__) என்ற முன்வரையறுத்த மேக்ரோவை அச்சிட்டுப் பாருங்கள். 199901 என்றால் சி99, 201112 என்றால் சி11, 201710 என்றால் சி17, 202311 என்றால் சி23. அதற்குரிய ஆவணத்தைத்தான் நீங்கள் திறக்க வேண்டும்.

மொழியைப் பராமரிக்கும் குழுவின் பெயர் டபிள்யூஜி14. அதன் தளத்தில் வரைவுகள் 'என்' எழுத்தும் எண்ணுமாக இலவசமாகக் கிடைக்கின்றன. சி99-க்கு என்1256, சி11-க்கு என்1570. சி23-க்கு 2023 ஏப்ரல் தேதியிட்ட என்3096 பரவலாகப் பயன்படுகிறது. சி23-ஐ முடித்த கையோடு அடுத்த பதிப்புக்காகத் தொடங்கிய என்3220 இறுதி வாசகத்துக்கு இன்னும் நெருக்கம். சி17 புதிய வசதி எதையும் சேர்க்கவில்லை, பிழைகளை மட்டும் திருத்தியது. அதனால் பெரும்பாலான கேள்விகளுக்கு என்1570 போதும்.

இதில் என்1256 ஒரு தனி ரகம். சி99-க்கு 2001, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று திருத்தங்களும் அதில் உரிய இடத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. 1999-இன் மூல அச்சை மட்டும் காசு கொடுத்து வாங்கியவரைவிட இலவச வரைவை வைத்திருப்பவர் கையில் சரியான வாசகம் இருக்கிறது! நேர்மாறாக என்869 என்ற வரைவும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 1999 ஜனவரியைச் சேர்ந்தது, சி99 இறுதியாவதற்கு முந்தையது. முதல் பக்கத்தில் உள்ள எண்ணையும் தேதியையும் பார்க்காமல் எந்த பிடிஎஃபையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

அப்படியானால் யார்தான் வாங்க வேண்டும்? ஒப்பந்தத்திலோ பாதுகாப்புச் சான்றிதழ்த் தணிக்கையிலோ '9899:2018-க்கு இணங்க' என்று கையெழுத்திடுபவர்கள். வரைவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதிகாரப்பூர்வ வாசகம் அச்சானதுதான். வாங்குமுன் இரண்டு விஷயம்: தேசியத் தர அமைப்புகளும் அதே வாசகத்தைத் தம் பெயரில் விற்பதுண்டு, விலை ஒன்றுபோல இருக்காது, ஒப்பிடுங்கள். மற்றொன்று உரிமம். தனிநபர் பிரதியை அலுவலகப் பொதுச் சர்வரில் போடுவது உரிம மீறல்.

இனிப் படிக்கும் முறை. 6-ஆம் பிரிவு மொழி, 7-ஆம் பிரிவு நூலகம். எல்லோரும் நேராக அங்கே போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் 3-ஆம் பிரிவையும் 4-ஆம் பிரிவையும் படிக்காததால்தான் மீதியெல்லாம் புரியாமல் போகிறது. சொற்களின் பொருள் மூன்றில் இருக்கிறது. அவற்றை மீறினால் என்ன ஆகும் என்பது நான்கில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான்.

முக்கியமான சொல் 'ஷல்' ('வேண்டும்' என்ற கட்டாயம்). அது 'கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' (கட்டுப்பாடுகள்) என்ற தலைப்பின் கீழ் வந்தால், மீறும் நிரலைப் பற்றிக் கம்பைலர் ஏதாவது ஒரு செய்தி தந்தே ஆகவேண்டும். வெறும் எச்சரிக்கையே போதும். நிரலை மறுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதே 'ஷல்' அந்தத் தலைப்புக்கு வெளியே, 'செமான்டிக்ஸ்' (பொருள் விளக்கம்) பகுதியில் வந்தால், மீறலின் விளைவு 'அன்டிஃபைன்டு' (வரையறுக்கப்படாதது). அங்கே கம்பைலர் வாயே திறக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு வாக்கியத்தைக் கண்டதும் அது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று மேலே ஏறிப் பாருங்கள்.

'அன்டிஃபைன்டு', 'அன்ஸ்பெசிஃபைடு', 'இம்ப்ளிமென்டேஷன்-டிஃபைன்டு' மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குறியுள்ள முழு எண் வரம்பு மீறி வழிந்தால் முதல் வகை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், நிரல் முழுவதற்குமே உத்தரவாதம் போய்விடும். ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகளில் எது முதலில் கணக்கிடப்படும் என்பது இரண்டாம் வகை. பல வழிகள் உண்டு, கம்பைலர் எதையும் எடுக்கலாம், எதை எடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்ம எண்ணின் பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்துவது (ஷிஃப்ட்) மூன்றாம் வகை. கம்பைலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தன் கையேட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னிணைப்பு 'ஜே' இம்மூன்றையும் தனித்தனியாகத் திரட்டித் தருகிறது. தேடுவதற்கு நல்ல நுழைவாயில். ஆனால் அது விதி அல்ல, விதி அது சுட்டும் பத்தியில் இருக்கிறது. அடிக்குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும்கூட விதி அல்ல.

இப்போது உங்கள் 'வாய்டு மெயின்'. என்1570-இல் 5.1.2.2.1-ஐத் திறங்கள். மெயின் 'இன்ட்' (முழு எண்) திருப்ப வேண்டும் என்று 'ஷல்' போட்டு, இரண்டு வடிவங்களைத் தந்துவிட்டு, 'அல்லது இம்ப்ளிமென்டேஷன்-டிஃபைன்டு ஆன வேறு முறையில்' என்று முடிகிறது. இது 'கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' தலைப்பின் கீழ் இல்லை. அதனால்தான் சில கம்பைலர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் கம்பைலரின் கையேடு 'வாய்டு' வடிவத்தை அனுமதித்து எழுதியிருந்தால் அந்தக் கம்பைலரில் சரி, எழுதாவிட்டால் 'அன்டிஃபைன்டு'. இன்னொரு கிளையும் உண்டு. இயங்குதளம் இல்லாமல் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் போன்ற 'ஃப்ரீஸ்டான்டிங்' சூழலுக்கு 5.1.2.1 பொருந்தும், அங்கே தொடக்க ஃபங்ஷனின் பெயரும் வகையுமே கம்பைலர் முடிவு. ஆளுக்கொரு பதில் வந்ததற்குக் காரணம், ஒவ்வொருவரும் ஒரு கிளையை மட்டும் பார்த்ததுதான். சி++ இதில் கறாரானது: 'இன்ட்' தவிர வேறு கிடையாது. அது 14882 என்ற வேறு எண்ணுள்ள தனி ஆவணம். ஒன்றின் விதியை மற்றதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

மேற்கோள் காட்டும்போது பதிப்பைச் சேர்த்தே எழுதுங்கள். எஃப்பிரின்ட்எஃப் ஃபங்ஷனின் விதி சி99-இல் 7.19.6.1, சி11-இல் இரண்டு புதிய தலைப்புக் கோப்புகள் நடுவில் நுழைந்ததால் 7.21.6.1, சி23-இல் 7.23.6.1. சி++ வரைவுகளில் எண்ணோடு சதுர அடைப்புக்குள் ஒரு பெயரும் இருக்கும். எண் மாறினாலும் பெயர் பெரும்பாலும் மாறாது, அதையே குறிப்பிடுங்கள். வரைவு எண்கள்: சி++23-க்கு என்4950, சி++20-க்கு என்4861, சி++17-க்கு என்4659.

கம்பைலரில் ஓட்டிப் பார்த்து விதியை முடிவு செய்ய முயலாதீர்கள். ஜிசிசி என்ற கம்பைலர் இயல்பாகத் தன் சொந்த நீட்டிப்புகளோடுதான் இயங்கும். பதிப்பைக் குறிப்பிட்டு 'பெடான்டிக்-எரர்ஸ்' விருப்பத்தையும் சேர்த்தால் 'கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' மீறல்கள் பிழையாக வெளியே வரும். 'அன்டிஃபைன்டு' வகை அப்போதும் மௌனமாகவே இருக்கலாம்.

மற்ற மொழிகளில் இந்தத் தலைவலி குறைவு. ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலையான எக்மா-262 இலவசம். அடா மொழியின் குறிப்பு நூலும் ஜாவாவின் மொழி விவரக்குறிப்பும் அப்படியே. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸை ஓபன் குரூப் தளத்தில் படிக்கலாம். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்-இன் 9075 மட்டும் பல பாகங்களாக விற்கப்படுகிறது. பைத்தானுக்கு ஐஎஸ்ஓ தரநிலையே கிடையாது, அதன் மொழிக் குறிப்பேடுதான் எல்லாம். இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில் தலைப்பில் 'அப்சலீட்டட் பை' (இதற்குப் பதிலாக வந்தது) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்: எச்டிடிபி பற்றிய 7231-ஐ 2022-இல் 9110 நீக்கிவிட்டது.