இன்வெஸ்ட்டுக்குள்ள என்னப்பா பனியன்?

காரைக்குடியிலருந்து ஒரு அப்பச்சி: "இன்வெஸ்ட்டுக்குள்ள வெஸ்ட் இருக்கே, அது உள்ள போடுற பனியனான்னு மகன் கேட்டு சிரிக்கிறான்."

சிரிக்காதீக, அதே குடும்பம்தான். லத்தீன்ல வெஸ்டிஸ்னா உடுப்பு, இன்வெஸ்டீரேன்னா உடுத்திவிடுறது. ஒருத்தருக்குப் பதவி குடுக்கிறப்ப அங்கி போர்த்துனாக, நம்ம கோயில்ல பரிவட்டம் கட்டுற மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

தேவகோட்டை வாசகர்: "சரி, துணியில காசு எங்க வந்துச்சு?"

இத்தாலி யாவாரிக வழியா வந்துச்சு. கையில இருக்க காசுக்கு வேற உடுப்பு மாட்டி அதை மிளகு, பட்டுத்துணின்னு ஆக்குறதுன்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு, 1600கள் ஆரம்பத்துல கிழக்கிந்தியக் கம்பெனி யாவாரத்தை ஒட்டி அந்த அர்த்தம் இங்கிலீஷுக்குள்ளயும் நுழைஞ்சிருச்சு. நம்ம செட்டியார்க கொண்டுவிக்க, அதான் கடல்தாண்டித் தொழில் பண்ண, போன பர்மாவுலயும் காசு உடுப்பு மாத்துச்சு, ஆனா ஆசைப்பட்டு இல்ல. 1930கள்ல நெல்லு விலை விழுந்து, கடன் வாங்குனவங்க கட்ட முடியாம அடமான நிலமெல்லாம் அவுக வட்டிக்கடை கைக்கு வந்துச்சு. கீழ்பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியார்க கையில 1930ல 6 சதவீத நிலம், 1938ல 25 சதவீதம். ரொக்கத்தை விரும்புற யாவாரிக்கு வயக்காட்டை வச்சுக்கிட்டு என்ன செய்ய?

அதே வாசகர்: "டைவெஸ்ட்?"

உடுப்பை உருவுறது. பர்மாவுல 1948ல நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கிற நில தேசியமயச் சட்டம் வந்துச்சுல்ல, அதான்.

கானாடுகாத்தான்லருந்து ஒரு டீச்சர்: "இன்வெஸ்டிகேட்டும் இதுக்குச் சொந்தமா?"

இல்லங்க டீச்சர், மூஞ்சி ஒண்ணா இருந்தா பங்காளி ஆயிருமா? அது வெஸ்டிஜியம், காலடித் தடம். தடம் பாத்துப் போறதுதான் இன்வெஸ்டிகேட், துணிக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. ஆனா பழைய யுத்தக் கதைகள்ல கோட்டையை இன்வெஸ்ட் பண்ணாங்கன்னு வந்தா அது நம்ம உடுப்புதான், துணி உடம்பைச் சுத்துற மாதிரி படை கோட்டையைச் சுத்தி வளைக்குது.

பள்ளத்தூர் தம்பி: "தமிழ்லயும் சட்டை போடுறோம், பணம் போடுறோம், அப்ப லத்தீன்காரன் நம்மகிட்டருந்துதானே எடுத்தான்?"

தம்பி, கோலமும் போடுறோம், சோறும் போடுறோம், சண்டையும் போடுறோம், அதுக்கெல்லாம் லத்தீன்காரனைக் கூப்பிடுவியா? முதலீடுல வர்ற ஈடு கூட 'இடு'ங்கிறதுலருந்து வந்ததுதான், துணியே கிடையாது. எங்க ஐயா வட்டிக்கு விட்ட காசை "வெளிய போட்டிருக்கு"ம்பாக, அவுக மேல பாதி நாள் சட்டையே இருக்காது.